தொட்டிக்குப் புது மணல்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வீடு வந்து சேர்ந்தேன். பால் பாக்கெட் வாசலில் வெயிலில் கிடந்து திரிந்துவிட்டது.

வடிவை நேற்று சென்னையில் ரத்தப் புற்றுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ஒருவர்தான் கூட இருக்கலாம் என்றார்கள். அவள் தங்கை மரகதம் இருக்கிறாள். மரகதத்தின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் செல்களைத்தான் வடிவுக்கு ஏற்றப் போகிறார்கள். கொடுக்கிறவளே கூட இருப்பதுதான் முறை. நான் இருந்து என்ன செய்வது? இங்கே மதுரையில் தொட்டியைப் பார்க்க ஆள் வேண்டும். இதை நான் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, டைரிக்குக்கூட.

தொட்டி நன்றாக இருக்கிறது. வடிவு தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து, கடல் இல்லாத ஊரில் எப்படி மனுஷர் குடியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தவள், ஒரு நாள் கடலையே ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், பாறைகள், பாறை மேல் காளான் மாதிரி விரிந்து சுருங்கும் பவளம். ஒரு ஜோடி கோமாளி மீன். மஞ்சளாய் ஒன்று, அதற்குப் பெயர் மஞ்சள்தான். அப்புறம் கொத்தனார். விரல் நீள மீன். வாய் நிறைய மணலை அள்ளி இங்கேயிருந்து அங்கே கொட்டி, பாறைக்கு அடியில் வளை கட்டிக்கொண்டே இருப்பான். எப்போது பார்த்தாலும் வேலை.

டாக்டர் சொல்லிவிட்டார், ஒரு வருஷத்துக்கு வடிவு தொட்டியில் கை வைக்கக் கூடாதாம். "இனிமே நீங்கதான் என் கை" என்று வாடகைக் காரில் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

மணல் குறைந்துபோய் முன்பக்கம் அடிக்கண்ணாடி தெரிகிறது. புது மணல் மூட்டை பால்கனியில் இருக்கிறது. "நான் போன்ல சொல்லச் சொல்லத்தான் போடணும். அதுவரைக்கும் மூட்டையப் பிரிக்காதீங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். பிரிக்க எனக்கு என்ன ஆசையா?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பாலிடெக்னிக்கில் லீவு நீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம்: மனைவியின் சிகிச்சை. பிரின்சிபால் என் தோளைத் தட்டி, "கூடவே இருங்க சார்" என்றார். சரி என்றேன்.

மதியம் மரகதம் போன் செய்தாள். மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்களாம். உள்ளே இருக்கிற கெட்டதையெல்லாம் அடியோடு அழிக்கிற மருந்து, நல்லதும் சேர்ந்து போய்விடுமாம். "முடிய எடுத்தாச்சு அத்தான். அழவே இல்ல. வீடியோ கால் போடட்டுமா, பேசுதீங்களா?"

அசதியாக இருப்பாள், தூங்கட்டும் என்றேன்.

"தூங்கல. உக்காந்துதான் இருக்கா."

தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறது, ஊற்ற வேண்டும் என்று வைத்துவிட்டேன். உண்மையிலேயே கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. மரகதம் ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தாள். திறக்கவில்லை. நெட் மெதுவாக இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். நெட் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று செல்களை ஏற்றினார்கள். ஆடி வெள்ளி. தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கி சத்தத்தில் மரகதம் சொன்னது பாதிதான் கேட்டது. "சின்னப் பைதான் அத்தான், தக்காளி ஜூஸ் கணக்கா. இவ்வளவுதானான்னு அக்கா கேட்டா. இனிமே அது உள்ள போயி பிடிக்கணுமாம். பிடிக்கிற வரைக்கும் அவளுக்குன்னு ஒரு எதிர்ப்பும் கிடையாது. ஒரு சளி போதும்ங்காங்க."

ஒரு சளி போதும். இதை எதற்கு என்னிடம் சொல்கிறாள் என்று கோபம் வந்தது. பிறகு, சொல்லாமல் இருந்திருந்தால் அதற்கும் கோபம் வந்திருக்கும் என்று தோன்றியது.

உட்காரவே முடியவில்லை. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தேன். மணல் மூட்டை கண்ணில் பட்டது. அவள் வரும்போது தொட்டி அடி முழுக்க வெள்ளை மணலாக இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். மணல் போடுவதில் என்ன பெரிய வித்தை? மூட்டையைப் பிரித்து வாளியில் கழுவினேன். முதல் தண்ணீர் பால் மாதிரி வந்தது. தெளியும்வரை கழுவிக் கொட்டினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. மனதுக்கு நன்றாக இருந்தது. இன்று முழுக்க நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

ஆகஸ்ட் 9, சனி

காலையிலேயே ஆரம்பித்தேன். பம்பை நிறுத்தினேன். பழைய மணலில் ஆறு வருஷ அழுக்கு இருக்கும். அதன் மேலேயே புதுசைக் கொட்டுவதா? வெள்ளையடிக்கிறவன்கூடப் பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுத்தான் அடிக்கிறான். கையை விட்டுப் பழைய மணலை அடிவரை நன்றாகக் கிளறினேன். பாறைக்குப் பின்னால், மூலையில், எல்லா இடத்திலும். மேலே வெளுப்பாகத் தெரிந்த மணலுக்கு அடியில் கரேலென்று இருந்தது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. பார்த்தாயா, எவ்வளவு அழுக்கு, நல்லவேளை கிளறினோம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிறகு புது மணலை மேலேயிருந்து கை கையாகப் போட்டேன்.

தண்ணீர் முழுக்க வெள்ளையாகிவிட்டது. மீன், பாறை, ஒன்றும் தெரியவில்லை. அடங்கும் என்று காத்திருக்கிறேன்.

அதே நாள், மாலை

அடங்கவில்லை. ஹால் முழுக்க அந்த நாற்றம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மஞ்சள் செத்துவிட்டது. பாறையில் ஒட்டிக் கிடந்ததை வலையால் எடுத்தேன். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் வலையோடு வீடு முழுக்கச் சுற்றினேன். கடைசியில் துளசித் தொட்டியில் குழி தோண்டிப் புதைத்தேன்.

கோமாளிகள் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பவளம் முழுதும் சுருங்கிக்கிடக்கிறது. கொத்தனாரைக் காணோம்.

மீன் கடை டேவிட்டுக்குப் போன் செய்தேன். "கிளறுனீங்களா சார்?" என்றுதான் முதலில் கேட்டார். அடியில் அடைந்து கிடந்த விஷம் எல்லாம் தண்ணீரில் ஏறியிருக்குமாம். தண்ணீர் மாற்ற வேண்டும், கரி போட வேண்டும், காற்றுக் குழாய் விட வேண்டும். சோதனைக் குழாயில் மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் பச்சையாக இருக்கிறது. சொட்டு வெளியே விழுகிறது.

மதியம் மரகதம் கேட்டாள்: "அக்கா தொட்டியப் பாக்கணும்ங்கா. வாயெல்லாம் புண்ணு, பேச முடியல, எழுதிக் காட்டுதா. ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க அத்தான்."

இதையா எடுத்து அனுப்புவது? பழைய வீடியோ ஒன்று போனில் இருந்தது. தெளிந்த தண்ணீர், மஞ்சள் குறுக்கே போகிறது, கொத்தனார் மணல் துப்புகிறான். அதை அனுப்பினேன். "இன்று எடுத்தது" என்று கீழே எழுதினேன். அப்படி எழுதியிருக்க வேண்டாம். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வடிவுக்குக் காய்ச்சல்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காய்ச்சல் குறையவில்லை. தண்ணீரும் தெளியவில்லை.

எழுதவே பயமாக இருக்கிறது, எழுதாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. எனக்கு இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கிடையாது. பல்லி விழுந்தால் தட்டிவிட்டுப் போகிறவன் நான். ஆனால் சனிக்கிழமை நான் கிளறினேன், திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல். அவள் உடம்பிலும் பழையதை அழித்துவிட்டுப் புதுசை ஏற்றியிருக்கிறார்கள். அது பிடிக்குமா என்று அங்கே காத்திருக்கிறார்கள், இது தெளியுமா என்று இங்கே நான். இந்தக் கோமாளிகள் செத்தால் என்று ஒரு வாக்கியம் மனதில் ஆரம்பிக்கிறது. அதை முடிக்கவிடாமல் எழுந்துபோய் வாளியைத் தூக்குகிறேன்.

உப்புக் கரைத்தேன். தண்ணீர் மாற்றினேன். சோறு வடிக்க மறந்துபோய் குழைந்துவிட்டது.

ஆகஸ்ட் 13, புதன்

கொத்தனாரைக் காணோம். பழைய வீடியோவையேதான் தினமும் அனுப்புகிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதாம். மருந்தை மாற்றியிருக்கிறார்கள். "வந்து மாத்தி விடுங்க அத்தான். என் பிள்ளைக்கு காலாண்டுப் பரீட்சை வருது. ரெண்டு நாளு ஊருக்குப் போயிட்டு வந்துருதேன்" என்றாள் மரகதம். வருகிறேன் என்றேன். நிஜமாகவே கிளம்பினேன். பையில் சட்டை, வேட்டி, சோப்பு எல்லாம் எடுத்து வைத்து, ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனேன்.

பகல் வண்டி வந்து நின்றது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று, காற்றுக் குழாயைப் போட்டேனா என்று சந்தேகம் வந்தது. அது ஓடாவிட்டால் மிச்ச இரண்டும் போய்விடும். திரும்பி வந்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மரகதத்திடம் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாடி வீட்டு ஜமீலா வந்தாள். அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றியதற்குக் கொடுத்த மிட்டாயில் எனக்கும் இரண்டு. ஹாலைப் பார்த்ததும் மூக்கில் முந்தானையை வைத்தாள்.

"என்னண்ணே, தொட்டி மோர் கணக்கா இருக்கு?"

"மணல் போட்டேன்."

"வாசல்ல பை இருக்கே. மெட்ராசுக்குப் போயிட்டு வந்தீங்களா, போகப் போறீங்களா?"

பையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். அவள் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். பிறகு, "மதினிகிட்டப் பேசுனீங்களா?" என்று கேட்டாள்.

"அவளுக்கு வாய்ப்புண்ணு. பேச முடியாது."

"அவங்களுக்குத்தானண்ணே வாய்ப்புண்ணு. உங்களுக்கு என்ன?"

இவளுக்கெல்லாம் யார் பதில் சொல்வது? நம் வீட்டு விஷயம் இவளுக்கு எதற்கு? அவள் போன பிறகு மிட்டாயைத் தின்றேன். தின்றுகொண்டிருக்கும்போது அழுகை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 16, சனி

தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. பின்பக்கப் பாறை மங்கலாகத் தெரிகிறது. சோதனைக் குழாயிலும் பச்சை வெளுத்து வருகிறது. கோமாளிகள் கீழே இறங்கிவிட்டன.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஒரு சாக்கு குறைந்துவிட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மரகதம் திட்டினாள். இந்தப் பதினாலு வருஷத்தில் அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மீனுக்கு ஆள் இல்லன்னு சொல்லுதீங்க. மனுஷிக்கு ஆள் வேண்டாமா? அன்னைக்கு வார்டு வாசல்ல நிக்கும்போது என்ன சொல்லிட்டுப் போனீங்க? டீ வாங்கிட்டு வாரேன்னு போனீங்க. அக்கா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு எவ்வளவு நேரம் பாத்தா தெரியுமா? ராத்திரிதான் மதுரை பஸ்ஸுல இருக்கேன்னு மெசேஜ் போடுதீங்க. அவ அதப் படிச்சிட்டு என்ன சொன்னா தெரியுமா? அவருக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாதுட்டி, விடு, அப்படின்னா."

நான், தொட்டி, என்று ஆரம்பித்தேன்.

"தொட்டிய ஒடச்சுப் போடுங்க" என்று வைத்துவிட்டாள்.

அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. தெரியாத வரைக்கும் வடிவு என் மனதில் காரில் சிரித்த மாதிரியே இருக்கிறாள். போய்ப் பார்த்துவிட்டால், அப்புறம் பார்த்தது பார்த்ததுதான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வடிவே அனுப்பிய மெசேஜ். இத்தனை நாளில் முதல் தடவை. ஒரே வரி.

"நாளைக்கும் அதையே அனுப்புங்க."

அதையே. அப்படியென்றால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தினமும் ஒரே வீடியோதான் வருகிறது, மஞ்சள் தினமும் அதே இடத்தில் திரும்புகிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். தொட்டி செத்துவிட்டது, இந்த மனுஷன் மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டு அங்கே படுத்திருப்பாள். எதிர்ப்பே இல்லாத உடம்போடு, அதையும் நினைத்துக்கொண்டு.

கதவுக்குப் பின்னாலிருந்த பையை எடுத்து மறுபடி வாசலில் வைத்தேன். பிறகு மேலே போய் ஜமீலாவிடம் சாவியைக் கொடுத்தேன். தினமும் எந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்ற வேண்டும், எவ்வளவு தீனி என்று காட்டினேன். கையை மட்டும் உள்ளே விட வேண்டாம் என்றேன்.

"நான் ஏன்ணே விடப்போறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பகல் வண்டியில் எழுதுகிறேன். திண்டுக்கல் தாண்டியாயிற்று. திண்டுக்கல்லில் இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். திருச்சியிலும் நினைப்பேன். காற்றுக் குழாயைப் போட்டேனா என்ற சந்தேகமும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. போட்டேன். ஜமீலாவே பார்த்தாள்.

மரகதம் அனுப்பிய போட்டோவை இன்னும் திறக்கவில்லை. நேரிலேயே பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

டைரியை உள்ளே கொண்டுவர விடவில்லை. போனில் எழுதுகிறேன். போனையும் ஏதோ மருந்தால் துடைத்துத்தான் கொடுத்தார்கள்.

காலையில் முதலில் என்னைச் சோதித்தார்கள், சளி, இருமல், காய்ச்சல் உண்டா என்று. உண்டு என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இல்லை என்றேன். அட்டையில் பெயர், அருணகிரி. உறவு, கணவர் என்று எழுதிக் கழுத்தில் மாட்டினார்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். தலைக்கு உறை, வாய்க்கு உறை, காலுக்கு உறை. மரகதம் வெளியே வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கதவைக் கையால் காட்டிவிட்டுத் தள்ளி நின்றாள். உள்ளே போனேன்.

கட்டிலில் வடிவு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முடி இல்லை. புருவம் இல்லை. உதடெல்லாம் வெடித்திருந்தது. சின்னதாக ஆகிவிட்டிருந்தாள். ஆனால் வடிவுதான். இத்தனை நாள் நான் பயந்துகொண்டிருந்தது வேறு யாரையோ.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். கஷ்டப்பட்டு வாயைத் திறந்தாள்.

"டீ எங்க?"

அவள் கண் சிரித்தது. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டையைப் பிரித்தது, கிளறியது, மஞ்சள், துளசித் தொட்டி. நடுவில் ஒரே ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள்.

"பழச யாராவது கிளறுவாங்களா?" மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள். "அது மேலதான் புதுச போடணும். குழாய் வழியா, அடியில கொண்டுபோயி, கொஞ்சங் கொஞ்சமா. ஒரு பக்கம் போட்டுட்டு விட்டுரணும். கீழ உள்ள உயிரெல்லாம் மேல ஏறி வந்து, புது மண்ணையும் தன் மண்ணாக்கும். அதுக்கு நாள் வேணும்."

"கொத்தனாரைக் காணோம் வடிவு."

"தேடுனீங்களா?"

"தேடவா?"

"வேண்டாம். கிளறாதீங்க. இருந்தா அவனா வருவான்."

அவளுக்கு ஏற்றிய செல்கள் பிடித்துவிட்டனவா என்று இன்னும் தெரியவில்லை. தினமும் ரத்தம் எடுத்து எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணிக்கை இன்றைக்கும் ஏறவில்லை. காய்ச்சல் நேற்றிலிருந்து இல்லை. டாக்டர் பொறுத்துப் பார்ப்போம் என்கிறார். எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் இந்தப் பயத்தை நாற்காலி போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தபடி படுகிறேன்.

மதியம், "அந்த வீடியோவப் போடுங்க" என்றாள்.

"அது புதுசு இல்ல வடிவு. தெரியும்தானே உனக்கு?"

"மொத நாளே தெரியும். போன பொங்கலப்ப எடுத்தது. போடுங்க."

போட்டேன். தெளிந்த தண்ணீர். மஞ்சள் குறுக்கே போகிறது. கொத்தனார் மணல் துப்புகிறான். அவள் விரலை நீட்டிப் படத்தை நிறுத்தினாள். மீன்களை விட்டுவிட்டு, தொட்டிக் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள். கண்ணாடியில் நிழலாக ஒருத்தி குனிந்து தொட்டிக்குள் கை விட்டுக்கொண்டிருக்கிறாள். நீளச் சடை. இத்தனை தடவை அனுப்பியும் நான் இதைப் பார்த்ததே இல்லை, மீனைத்தான் பார்த்தேன். அவள் எதற்காகத் திரும்பத் திரும்பப் பார்த்தாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"முடி வளந்துரும் வடிவு. டாக்டரே சொன்னாரு."

"முடிய யாரு பாத்தா?" என்றாள். "பின்னால பாருங்க."

பார்த்தேன். அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறான். ஒரு கையில் போன். இன்னொரு கையால் அவள் சடை உப்புத் தண்ணீரில் விழுந்துவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"அந்த ஆளு எப்ப வருவாருன்னு பாத்துட்டு இருந்தேன்" என்றாள் வடிவு.

மரகதம் மாலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். வடிவு தூங்குகிறாள். இப்போது நர்ஸ் வந்து, "நான் இங்கதான் இருப்பேன் சார், நீங்க வேணா கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.

வேண்டாம் சிஸ்டர் என்றேன்.